ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுச் சம்பளமா?

அண்மையில் சிரம்பானில் பதிவு செய்யப்பட்ட எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலின் தலைப்பு, 'சிலுவையும் இறையருளும்'. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து, இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் மக்கள்தாம் அரங்கில் அதிகம். கிறிஸ்துவர்களும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "காலம் பூரா குடிச்சிட்டு, பொண்டாட்டிய அடிச்சிட்டு, சாகிற நேரத்துல மன்னிப்புக் கேட்டா மோட்சம்னு சொல்றீங்க. அப்படின்னா அடி வாங்கினவங்க கணக்கு என்னாச்சு?" என்றார்.

அரங்கம் கைத்தட்டியது. மேடையில் இருந்த அருட்தந்தையும் போதகரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளம்பர இடைவேளைக்கு இரண்டே நிமிடம் இருந்ததால், தொகுப்பாளராகிய நான் அந்தக் கேள்வியைச் சரியாக முடிக்காமலேயே நிகழ்ச்சியை நகர்த்த வேண்டியதாயிற்று. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனவே அன்று பேசியவற்றோடு, பேசாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. படித்தது பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. ஆனால் லாபுவுக்கும் நீலாய்க்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், கத்தோலிக்கப் பாட்டியின் கையைப் பிடித்து வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.

அந்த அம்மா பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள். 'கணக்கு' என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிந்தால்தான் அன்றைய நாள் நாளாகும். பிறகு நிரைக்குப் போய் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வந்தால் அங்கே நிறுவை. அத்தோடு விட்டார்களா? பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மழை பெய்தது நம் குற்றம் இல்லை என்றாலும் கூலி குறையும். உழைத்த அளவுக்குத்தான் காசு என்பது அங்கே மூச்சுக்காற்று மாதிரி.

இப்படிப்பட்ட மக்களிடம் போய், இயேசு சொன்ன ஓர் உவமையைச் சொல்லிப் பாருங்கள். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. கதை நடப்பதும் தோட்டத்தில்தான், திராட்சைத் தோட்டத்தில். முதலாளி அதிகாலையில் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள் பிடிக்கிறார். தெனாரியம் என்பது ஒரு வெள்ளிக்காசு. அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போகிறார். ஐந்து மணிக்குப் போனால் இன்னும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். ஆறு மணிக்குச் சம்பளம். கடைசியாக வந்தவன் கையில் முதலில் ஒரு தெனாரியம் விழுகிறது! அப்படியானால் நமக்கு இன்னும் கூட வரும் என்று காலையில் வந்தவன் கையை நீட்டுகிறான். அவனுக்கும் அதே ஒரு தெனாரியம்.

சிறுமியாக இருந்தபோது, இந்த உவமை வாசிக்கப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாட்டி வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம். "நம்ம கிராணி இந்த மாதிரி பேர் போட்டிருந்தா ஸ்டோர ரெண்டாக்கிருப்போம்" என்றார். பாட்டி சொன்னது சரி. உவமையில் வரும் கூலிக்காரர்களும் அப்படித்தான் முணுமுணுக்கிறார்கள். வெயிலில் வெந்தவனும் வெயில் தாழ வந்தவனும் ஒன்றா என்று கேட்கிறார்கள். முதலாளி, பேசிய கூலியில் உனக்கு ஏதும் குறைத்தேனா, நான் தாராளமாய் இருப்பது உனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று திருப்பிக் கேட்கிறார்.

இதை நான் வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஒரு மணி நேரம்தான் வேலை செய்தான் என்பதற்காக அவன் பிள்ளைகள் பன்னிரண்டில் ஒரு பங்கு சோறு சாப்பிட்டால் போதுமா? மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று நம் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளத்துக்காக எத்தனை காலம் போராடினார்கள் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்ததே 2013ஆம் ஆண்டில்தான். அந்த முதலாளி நிறுவைத் தராசைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். கிறிஸ்துவர்கள் அருள் என்று சொல்வது இதைத்தான். சம்பாதித்தால் அதற்குப் பெயர் கூலி. சம்பாதிக்க முடியாத இடத்தில் கொடுக்கப்படுவதற்குப் பெயர் அருள்.

சொல்லுக்கு ஒரு கதை

தமிழ்க் கிறிஸ்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொற்களே சுவையானவை. பழைய கத்தோலிக்க மந்திரங்களில் 'பிரியதத்தம்' என்று ஒரு சொல் வரும். பிரியத்தால் தரப்பட்டது என்று பொருள். 'வரப்பிரசாதம்' என்றும் சொல்வார்கள். இன்று நாம் செய்தித்தாளில் "புதிய சாலை மக்களுக்கு ஒரு வரப்பிரசாதம்" என்று எழுதித் தேய்த்துவிட்டோம். ஆனால் மாரியம்மன் கோயிலில் பூசாரி கையில் வைக்கும் பிரசாதத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை, அல்லவா? புராட்டஸ்டண்டு சபையினர் வாயில் அதிகம் வருவது 'கிருபை'. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. சைவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய சாத்திர நூலின் பெயரே 'திருவருட்பயன்'.

அரங்கில் ஒரு பெரியவர் எழுந்து, "இதெல்லாம் எங்கள் வைணவத்தில் ஏற்கெனவே இருக்கிறதம்மா" என்றார். இருக்கிறது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும். இறைவனை அடைவதில் மனிதன் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் காட்டுவார்கள். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்திய நாட்டின் அருள் சமயத்தையும் கிறிஸ்துவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூலே எழுதினார். திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, பின்னர் கிறிஸ்துவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை 1894இல் தந்தபோது, அந்தப் பக்தித் தமிழின் வாசனையோடுதான் தந்தார்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்துவர்களும் இதே குரங்கு, பூனைச் சண்டையைத் தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள். மார்ட்டின் லுத்தர் 1517இல் கிளப்பிய வாதம், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் தொடங்கி, மனிதன் தன் நற்செயலால் கடவுளிடம் எதையாவது சம்பாதிக்க முடியுமா என்ற கேள்வியில் போய் நின்றது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் வழியாக அந்த வாதம் தமிழுக்கு வந்தது. கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்தில் இரண்டே கிறிஸ்துவக் குடும்பம் இருக்கும். ஒன்று வேதக்காரர் வீடு, மற்றொன்று கத்தோலிக்க வீடு. பெண் கொடுக்க மாட்டார்கள்! 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதனை ஏற்புடையவனாக்குவது அருளே, அவன் தகுதி அல்ல என்பதில் இருவருக்கும் உடன்பாடு என்றது அது. 2006இல் மெதடிஸ்ட்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஏறக்குறைய 480 ஆண்டுச் சண்டை. பெண் கொடுக்காமல் போன வீடுகளுக்கு யாராவது தகவல் சொன்னார்களா என்று தெரியவில்லை.

சின்னப் பாட்டியின் தாலி

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இது வரை சொன்னது எல்லாம் கூலி வாங்கியவன் பக்கத்துக் கதை. அடி வாங்கியவர் பக்கம் என்ன?

எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தார், என் பாட்டியின் தங்கை கணவர். நாங்கள் சின்னத் தாத்தா என்போம். நல்ல உழைப்பாளி, உளி பிடித்தால் மரத்துக்குக் காயம் படாது என்பார்கள். ஆனால் சம்பள நாளில் சம்சுக் கடைக்குப் போய்விட்டால் சின்னப் பாட்டியின் உடம்பில் காயம் படும். ஒரு முறை அவர் கழுத்தில் இருந்த தாலிச் சங்கிலியையே கழற்றிக் கொண்டு போய்ச் சிரம்பானில் அடகு வைத்துவிட்டார். கத்தோலிக்கத் தாலி, நடுவில் சின்னச் சிலுவை போட்டது. சின்னப் பாட்டி காலையில் மரம் வெட்டி, மாலையில் ஒட்டுப்பால் பொறுக்கி, ஒன்பது மாதம் சேர்த்து வட்டியோடு கட்டி அதை மீட்டார்.

2003இல் சின்னத் தாத்தாவுக்கு ஈரல் கெட்டுப்போய், மருத்துவமனை கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியது. சிரம்பானிலிருந்து சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயில் பூசுதல் செய்தார். பழைய ஆட்கள் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். மூன்றாம் நாள் சின்னத் தாத்தா அமைதியாகப் போய்விட்டார். அடக்கம் முடிந்து கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சின்னப் பாட்டி சாமியாரிடம் கேட்டதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"ஏன் சாமி, அவரு ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு, சரி. என்கிட்ட எப்ப கேட்டாரு?"

சாமியார் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்குக் கிடைச்சது ஆண்டவர் கொடுத்தது. உங்களுக்கு வர வேண்டியது இன்னும் பாக்கிதாம்மா" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை. கத்தோலிக்கப் போதனையில் இதற்கு இடம் இருக்கிறது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பாவமன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது. ஆனால் செய்த கேட்டைச் சரிசெய்யும் கடமையை நீக்குவதில்லை. திருடியவன் பொருளைத் திருப்பித் தர வேண்டும். அவதூறு சொன்னவன் அதைத் திரும்பப் பெற வேண்டும். லூக்கா நற்செய்தியில் சக்கேயு என்ற வரி வசூலிப்பவர் வருகிறார். நம் பாஷையில் சொன்னால் நிறுவையில் கை வைத்த கிராணி. இயேசு அவரைத் திட்டவில்லை, திருந்தினால் வருகிறேன் என்று நிபந்தனை போடவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் போய்விட்டார். அதன் பிறகு சக்கேயுவே எழுந்து, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறார். அருள் முந்திக்கொண்டது, கணக்கும் விடுபடவில்லை. சின்னத் தாத்தாவுக்கோ அதற்கு நாள் இல்லாமல் போனது.

இங்கேதான் சிலுவையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இன்று தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்கிறோம். அதனால் அது என்ன பொருள் என்பதை மறந்துவிட்டோம். அது ரோமானியர்களின் கொலைக் கருவி. பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. ரோமக் குடிமக்களுக்குப் பொதுவாக அந்தச் சாவு கிடையாது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் செய்த கிளர்ச்சி கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோமுக்குப் போகும் சாலை நெடுக 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். அதே சாவைத்தான் ஏறக்குறைய கி.பி. 30இல் பொந்தியு பிலாத்து என்ற ஆளுநர் இயேசுவுக்கு விதித்தார். கிறிஸ்துவர்கள் கடவுள் என்று வணங்குபவர் நீதிபதி ஆசனத்தில் காட்டப்படுவதைவிட, அடிமையின் தண்டனைக் கட்டையில் காட்டப்படுவதே அதிகம். அடித்தவன் பக்கத்தில் இல்லை, அடி வாங்கியவர் பக்கத்தில் அவர் இருக்கிறார். மன்னிப்பு அந்த இடத்திலிருந்து வருகிறது.

அந்தச் சாவு எப்படி மனிதரை மீட்கிறது என்பதற்குத் திருச்சபையில் ஒரே விளக்கம் இல்லை. பிணைப்பணம் கொடுத்து அடிமையை விடுவிப்பது போல என்றார்கள் தொடக்ககால ஆசிரியர்கள். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆன்செல்ம் என்ற பேராயர், மனிதன் கட்ட முடியாத கடனைக் கடவுளே மனிதனாகி வந்து கட்டினார் என்று விளக்கினார். அவருக்குச் சற்றுப் பின் வந்த அபெலார்டு, கணக்கு வழக்கை விடுங்கள், அவ்வளவு அன்பைக் கண்ட பிறகு மனித மனம் இளகுகிறது, அதுவே மீட்பு என்றார். எனக்கு நம் தமிழ்ச் சொல்லே போதும். நகையை அடகுக் கடையிலிருந்து எடுப்பதையும் நாம் 'மீட்பது' என்றுதான் சொல்கிறோம். அடகு வைத்தவர் சின்னத் தாத்தா. காசு கட்டியவர் சின்னப் பாட்டி. யாராவது ஒருவர் கட்டாமல் அந்தச் சங்கிலி வீட்டுக்கு வந்திருக்காது. கடனைத் தள்ளுபடி செய்கிறேன் என்று கொடுத்தவர் சொன்னாலும், அந்த நட்டம் காற்றில் கரைவதில்லை; சொன்னவர் தலையில் விழுகிறது. அருள் வாங்குகிறவனுக்குத்தான் இலவசம், கொடுத்தவருக்கு அல்ல என்பதைத்தான் சிலுவை காட்டுகிறது. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்பாமலே மன்னிப்பு கிடைக்கும் என்று பிரசங்கிப்பதை 'மலிவான கிருபை' என்று 1937இல் எழுதிக் கண்டித்தார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தப் போதனையைத் திருப்பிப் போட்டுப் பெண்களிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "உன் புருஷன்தான் உன் சிலுவை, சுமந்துகொள்" என்று சின்னப் பாட்டியிடமும் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. யாரும் தன் உயிரைப் பறிக்கவில்லை, தானாகவே கொடுப்பதாக யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். தானாகக் கொடுப்பது வேறு, இன்னொருவன் குடித்துவிட்டு வந்து பிடுங்குவது வேறு. சிலுவையைச் செய்து இன்னொருவர் தோளில் ஏற்றுவது ரோமச் சிப்பாயின் வேலை. நம் நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டுவிட்டது. 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இறைவன் மன்னித்துவிட்டான் என்பதால் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்று எந்த நற்செய்தியிலும் எழுதியிருக்கவில்லை. மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதும் அடி வாங்கியவர் கையில் இருக்க வேண்டியது. அன்று சாமியார் "மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்லாமல் விட்டாரே, அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

அப்படியானால் ஐந்து மணி ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுத்தது அநியாயமா என்று மறுபடி கேட்டால், உவமையில் ஒரு சிறு விஷயத்தைப் பார்க்கச் சொல்வேன். காலையில் வந்தவனின் கூலியிலிருந்து எடுத்து மாலையில் வந்தவனுக்குக் கொடுக்கப்படவில்லை. முதலாளி தன் பையிலிருந்துதான் கொடுத்தார். சின்னத் தாத்தாவுக்குக் கிடைத்த மன்னிப்பும் சின்னப் பாட்டியின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது அல்ல. அவர் பட்டது அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், கிறிஸ்துவ நம்பிக்கையின்படி, கையிலும் காலிலும் ஆணித் தழும்போடு இருப்பவர்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. முன்பு பெரிய வெள்ளிக்கிழமையில் லயத்துக்கு லயம் சிலுவைப் பாதை போவோம், 14 நிலைக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலில் நின்று செபம் சொல்வோம். சபா, சரவாக்கைத் தவிர மற்ற மாநிலங்களில் அன்று விடுமுறை கிடையாது என்பதால் பாட்டி காலையில் மரம் வெட்டிவிட்டுத்தான் வருவார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் கஞ்சி காய்ச்சி வைத்திருக்கும்.

சின்னப் பாட்டிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, நீலாயில் மகள் வீட்டில் இருக்கிறார். பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்பார். கழுத்தில் அந்தச் சங்கிலிதான். ஆண்டுதோறும் சின்னத் தாத்தாவின் பெயரில் நினைவுப் பூசை வைப்பது என் அம்மா. சின்னப் பாட்டி அதற்குக் காசு கொடுத்ததே இல்லை, இந்த ஆண்டும் கொடுக்கவில்லை. ஆனால் பூசைக்கு வந்திருந்தார், முதல் முறையாக. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.